கச்சானுக்கு நிண்டு பிடிச்ச 8 மீட்டர் மாஸ்ட்

ஒருமாதிரி நிண்டுட்டுது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில மத்தியானத்துக்குப் பிறகு கச்சான், அதுதான் மேற்கால வாற காத்து, எழும்பி, மணல் பறந்து கால்ல குத்துற அளவுக்கு அடிக்கேக்கையும் அமெச்சூர் ரேடியோ அன்டெனாவுக்கு நட்ட ஃபைபர் மாஸ்ட், ஒண்டுக்குள்ள ஒண்டு போற துண்டுக் கம்பம், ஒரு துண்டு கூட உள்ளுக்க இறங்காம பொழுதுபடுமட்டும் நிண்டுது. அதில கட்டின இன்வெர்டட் வீ அன்டெனாவை (நடு மேலயும் ரெண்டு கை கீழ சரிஞ்சும் நிக்கிற வயர்) வைச்சு, 20 மீட்டர் பாண்டில, அதாவது 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 20 வாட்ஸ்ல, முதல் இந்தோனேசியா, ஜப்பான், இருட்டினாப்பிறகு இத்தாலி, ஜெர்மனி எண்டு அங்க இருக்கிற ரேடியோக்காரரோட தொடர்பு எடுத்தன். இதே மாஸ்டை முதல் கொண்டு போய் நிப்பாட்டேக்க ரேடியோவுக்கு பற்றறி கொழுவ முதலே சரிஞ்சுட்டுது. இடையில என்னத்தை மாத்தினன், எவ்வளவு முடிஞ்சுது எண்டதை அளவுகளோட எழுதி வைக்கிறன். நெட்ல கிடக்கிற குறிப்பு முக்கால்வாசி புல்தரையில ஆணி அடிக்கிற ஆக்கள் எழுதினது, எங்கட மணலுக்கும் காத்துக்கும் அது சரிவராது.

வீட்டில நிரந்தரமா ஒரு பைப்பை நட்டா என்ன எண்டு கேப்பியள். கரண்ட் லைன் மதிலை ஒட்டிப் போகுது. மாஸ்ட் எந்தப் பக்கம் விழுந்தாலும் லைன்ல படாத தூரம் வேணும், மாஸ்டின்ர நீளத்தைப் போல ஒண்டரை மடங்காவது விடோணும், எங்கட வளவுக்குள்ள அவ்வளவு இடம் இல்லை. சுத்தி இருக்கிற எல்ஈடி பல்ப், சோலார் இன்வேட்டர் எல்லாம் சேர்ந்து 20 மீட்டர் பாண்டில இரைச்சல் ரேடியோவின்ர சிக்னல் மீட்டர்ல எஸ்7க்குக் குறையாம நிக்கும், கடற்கரையில அதே ரேடியோ எஸ்1 காட்டும். போதாக்குறைக்கு இது புயல் வாற கரை. 2020 டிசம்பர் 2 ராத்திரி புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரை ஏறினது. அப்பிடி ஒரு நாளில கழட்டி மடிச்சுக் கட்டிலுக்குக் கீழ தள்ளக்கூடிய சாமான்தான் எனக்கு வேணும்.

மாஸ்ட் ஒன்லைன்ல எடுப்பிச்சது, சீனாச் சாமான், பேர் போட்ட கம்பனி ஒண்டும் இல்லை. 10 மீட்டர், பத்துத் துண்டு, மடிச்சா 1.15 மீட்டர். அடித்துண்டு வெளி விட்டம் 44 மில்லிமீட்டர், ஆக மேல இருக்கிற நுனி 6 மில்லிமீட்டர். கஸ்டம்ஸோட சேர்த்து 24,500 ரூபா. வாங்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ, கிளாஸ் ஃபைபரா எண்டு பார்த்து வாங்கோணும். கார்பன் ஃபைபர் தூண்டில்தடி பார்க்க வடிவா, பாரமில்லாம இருக்கும், ஆனா கார்பன் கரண்ட் கடத்தும், அதை ஒட்டி அன்டெனா வயர் போனா ட்யூனிங் எல்லாம் குழம்பிப் போகும்.

முதல்ல அடிக்கட்டை. 2 இஞ்சி ஜிஐ பைப்ல ரெண்டு அடித் துண்டு ஒண்டு வெட்டுவிச்சு, அதை மணலுக்குள்ள இறக்கி, அதுக்குள்ள மாஸ்டை வைக்கிறதுதான் திட்டம். இழுவைக் கயிறுக்கு 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியில மூண்டு ஆணி, ஒவ்வொண்டும் ரெண்டு அடி, தலையை வளைச்சு எடுத்தது. பார்க்கேக்க பொலிசா இருந்துது. காத்து ஏறினதோட மேற்குப் பக்கத்து ஆணி மெல்ல மெல்ல சாய்ஞ்சு, பிறகு வெண்ணெயில இருந்து கத்தி வாற மாதிரி வெளியில வந்துட்டுது. காய்ஞ்ச மணலுக்கு நெட்டுக்குத்தான எதையும் பிடிச்சு வைக்கத் தெரியாது, ரெண்டு அடி எண்டாலும் மூண்டு அடி எண்டாலும் ஒண்டுதான். அதைவிடப் பெரிய கோளாறு நடுப் பைப்ல. மூண்டு கயிறையும் இறுக்கினா அந்த இழுவை முழுக்க மாஸ்டைக் கீழ அமத்தும், பைப் மணலுக்குள்ள விரல் விரலா இறங்கும், அது இறங்க இறங்கக் கயிறு மூண்டும் தளரும், தளர்ந்த மாஸ்ட் ஆடும், ஆட ஆட பைப் இன்னும் இறங்கும். நான் கயிறை இறுக்கிக்கொண்டே இருந்தன், இறுக்க இறுக்க அது இறங்கிக்கொண்டே இருந்துது.

பக்கத்தில கரைவலை இழுத்து முடிச்சிட்டு கயிறு சுருட்டிக்கொண்டு இருந்த ஆக்களில வயசு போன ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டிட்டு வந்தார். "தம்பி, உதை எவ்வளவு நீட்டா அடிச்சாலும் இந்த மண் விட்டிடும். படுக்க வைச்சுப் புதையும்" எண்டார். அவை வள்ளம் கட்டுறதுக்கு மணலுக்குள்ள தென்னங்குத்தியைக் குறுக்கால புதைச்சு, அதில இருந்து கயிறை வெளியில எடுத்து வைச்சிருக்கினம், அதைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் பிடிச்சு இழுத்துப் பார்த்தன், அசையேல்ல.

குத்தி தூக்கிக்கொண்டு திரிய ஏலாது, அதால வெறும் உரப் பையைப் பாவிச்சன். பையில முக்கால்வாசி மணல் நிரப்பி வாயைக் கட்டி, நடுவில கயிறைச் சுத்தி முடிச்சுப் போட்டு, ஒரு முழ ஆழத்துக் கிடங்கில மாஸ்டுக்குக் குறுக்கால படுக்க வைக்கோணும். முக்கியமான விஷயம் கயிறு வெளியில வாற வழி. கிடங்கில இருந்து மாஸ்ட் பக்கமா ஒரு சரிவான வாய்க்கால் கீறி, கயிறு அதுக்கால சரிஞ்சு வரோணும், நேர மேல எடுத்தா இழுக்கேக்க பை கிளம்பும். மூடினாப்பிறகு மிதிச்சு, ஒரு வாளி கடல் தண்ணி ஊத்தி, திரும்ப மிதிச்சா ரெண்டு பேர் தொங்கினாலும் வராது. மருமகன் தொங்கியே பார்த்தவன். ஒரு மண்வெட்டி இருந்தா மூண்டு கிடங்குக்கும் இருபது நிமிஷம், கையால எண்டா வெயில்ல செத்துப்போவியள். போகேக்க பையை வெட்டி மணலைக் கொட்டிட்டு வெறும் பையைத்தான் கொண்டு வாறது, அங்க விட்டிட்டு வரக்கூடாது, வலைக்காரர் கால்ல சிக்கும்.

பைப்பைத் தூக்கி எறிஞ்சிட்டு அடிக்கு ஒரு பலகை. 12 மில்லிமீட்டர் மரீன் பிளைவுட், ஒரு அடிக்கு ஒரு அடி, நடுவில 2 இஞ்சி பிவிசி என்ட் கெப் ஒண்டை வாய் மேல பார்க்க வைச்சு ரெண்டு போல்ட் நட்டால பூட்டினது. கெப்புக்குள்ள மாஸ்டின்ர அடி லூசாத்தான் இருக்கும், சைக்கிள் டியூப் துண்டைச் சுத்தினா சரி. கெப்பின்ர அடியில ஒரு சின்ன ஓட்டை போடுங்கோ, இல்லாட்டி மணலும் தண்ணியும் தேங்கும். பலகை மணல்ல இறங்காது, கயிறை எவ்வளவு இறுக்கினாலும் அரை இஞ்சி அமரும், அதோட நிக்கும். இந்தப் பலகைக்கு முடிஞ்சது 1,350 ரூபா. எல்லாச் சாமான்லயும் அதிகம் வேலை செய்தது இதுதான் எண்டு சொல்லுவன்.

இனி மூட்டு. டெலஸ்கோப் மாஸ்ட் எண்டா ஒரு துண்டை இழுத்து முறுக்கி விட்டா இறுக்கத்தில நிக்கிறது, வேற பூட்டு ஒண்டும் இல்லை. வீட்டு வளவுக்குள்ள ரெண்டு நாள் கூட நிக்கும். கச்சான் அப்பிடி இல்லை, ஒரே சீரா அடிக்காது, விட்டு விட்டுக் குத்தும், ஒவ்வொரு குத்துக்கும் மூட்டு ஒரு மயிரிழை கழரும், பிறகு திடீரெண்டு ஒரு துண்டு "சரக்" எண்டு கீழ்த்துண்டுக்குள்ள போகும், அதோட வயர் தளர்ந்து எஸ்டபிள்யூஆர் (அன்டெனாவில இருந்து பவர் திரும்பி வாறதைக் காட்டுற அளவு, 1க்குக் கிட்ட நிண்டா நல்லம்) ஏறும். மேல்துண்டு இறங்கினா பரவாயில்லை, நடுத்துண்டு இறங்கினா இழுவைக் கயிறு மூண்டும் ஒரேயடியா தளர்ந்து முழுசும் சாயும்.

கரண்ட் டேப் சுத்திப் பார்த்தன். காலமை நல்லாத்தான் இருந்துது, ஆனா பத்து மணி வெயில்ல டேப்பின்ர பசை இளகி வழுக்கத் தொடங்கிச்சு, கழட்டேக்க அந்தப் பசை ஃபைபர்ல பிடிச்சு, அதில மணல் ஒட்டி, பிறகு துண்டு உள்ளுக்கயும் போகேல்ல வெளியிலயும் வரேல்ல. அதைத் துடைக்க மண்ணெண்ணெய்த் துணி எடுக்க வேண்டியதாப் போச்சு, பிறகு சவர்க்காரத் தண்ணியால கழுவோணும், எண்ணெய்ப் பிடி மிஞ்சினா மூட்டு நிக்கவே நிக்காது.

கடைசியா நிண்டது ஜுபிலி கிளிப், அதுதான் ஹோஸ் பைப்புக்குப் போட்டு இறுக்கிற வளையக் கிளிப். சைக்கிள் கடையில எறியிற பழைய டியூபை ஒரு இஞ்சி அகலத்துக்கு வெட்டி, மெல்லிய துண்டில, தடிச்ச துண்டின்ர வாய்க்கு ஒட்டினாப்போல மேல ஒரு சுத்து சுத்தி, அதுக்கு மேல கிளிப்பைப் போட்டு இறுக்கிறது. கிளிப் வாயில இருந்துகொண்டு மேல்துண்டை இறங்க விடாது. ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதில்லை, மேல்துண்டில மட்டும்தான், இதை நான் முதல் விளங்காம மூட்டுக்கு நடுவில போட்டு இறுக்கினன், இறுக்கின இறுக்கத்தில நாலாவது துண்டின்ர வாய் "டிக்" எண்டு வெடிச்சிட்டுது. நெட்டுக்கு மூண்டு இஞ்சி வெடிப்பு.

மாஸ்ட் போச்சு எண்டு நினைச்சன். ஆனா திருகோணமலையில ஃபைபர் ஒட்டத் தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம், மீன்பிடி போட் எல்லாம் அதில தானே ஓடுது. போட் திருத்திற இடத்தில ஒரு தம்பி கொஞ்சம் ரெசின், ஹார்ட்னர், கை அகலம் ஃபைபர் மேட் எல்லாத்தையும் 1,200 ரூபாக்குத் தந்தான், "அண்ணே, முதல் வெடிச்ச இடத்தை எமரி பேப்பரால உரசுங்க, பளபளப்பு போகோணும், இல்லாட்டி பிடிக்காது" எண்டும் சொல்லி விட்டான். உரசி, மேட்டை ரெண்டு சுத்து சுத்தி, ரெசின் பூசி, மேல பொலித்தீன் சுத்தி இறுக்கி ஒரு நாள் விட்டன். இப்ப அந்த வாய்தான் முழு மாஸ்டிலயும் பலமான இடம். பார்க்கேக்க அசிங்கம், ஆனா ஆர் பார்க்கப் போகினம்.

கிளிப் வாங்கேக்க காசைப் பார்க்க வேண்டாம். முதல் வாங்கினது கல்வனைஸ், 90 ரூபாப்படி, ரெண்டாம் தரம் கழட்டேக்கயே உப்புக் காத்துக்குத் துருப்பிடிச்சு ஸ்குரூ திரும்பேல்ல. ஸ்டெயின்லெஸ் 220 ரூபா. இறுக்கிறது ஸ்குரூடிரைவரால வேண்டாம், விரலால திருப்பிற காது வைச்ச கிளிப் கிடைச்சா அது நல்லம், ஏனெண்டா விரலால இறுக்கினா வெடிக்க விடமாட்டியள்.

உயரத்துக்கு வருவம். 10 மீட்டர் மாஸ்ட் எண்டு வாங்கிட்டு 10 மீட்டருக்கும் ஏத்தாம விட மனம் வராதுதான், ஆனா நுனி ரெண்டு துண்டும் பென்சில் மொத்தம் கூட இல்லை, அதில அன்டெனா நடுவையும் கேபிளையும் தொங்கவிட்டா வளைஞ்சு நிலத்தைப் பார்க்கும். அந்த ரெண்டையும் விட்டிட்டு எட்டுத் துண்டு, 8 மீட்டர். ரேடியோவில இருந்து அன்டெனாவுக்குப் போற கேபிளைத் தராசில வைச்சுப் பார்த்தன், தடிச்ச ஆர்ஜி 58 எட்டு மீட்டர் கிட்டத்தட்ட 300 கிராம், மெல்லிய ஆர்ஜி 174 எண்டா 100 கிராமும் வராது. மெல்லிய கேபிள்ல இழப்புக் கூட, 14 மெகாஹெர்ட்ஸ்ல, தொங்கிறதும் நிலத்தில ஓடுறதும் சேர்த்து 15 மீட்டருக்கு, 2 டிபி (டெசிபல்) அளவில போகும், 20 வாட்ஸ் விட்டா 13தான் மேல போய்ச் சேரும். எண்டாலும் மாஸ்ட் நிக்கோணுமே.

இழுவைக் கயிறு கட்டுறதுக்கு வளையம் கடையில கிடையாது. சமையலுக்கு மரக்கறி வெட்டுற வெள்ளைப் பிளாஸ்டிக் போர்ட், 8 மில்லிமீட்டர் தடிப்பு, 950 ரூபா, அதில 10 சென்டிமீட்டர் வட்டமா ரெண்டு வெட்டி, மேல் வளையத்துக்கு நடுவில 25 மில்லிமீட்டர் ஹோல் சோவால துளைச்சு, கரையில மூண்டு சின்ன ஓட்டை. (வீட்டில இருந்த போர்டைத்தான் முதல் எடுத்தன், அது வேற கதை.) வளையம் ஆறாவது துண்டால இறங்கி அஞ்சாவது துண்டின்ர வாயில இருக்கிற கிளிப்புக்கு மேல வந்து குந்தும், அது 5 மீட்டர் உயரம். வளையத்தை இறுக்கிக் கட்டக்கூடாது, லூசா சுத்தக்கூடியதா விட்டா கயிறு மாஸ்டை முறுக்காது, முறுக்கினா மூட்டுத் திரும்பவும் கழரும். ரெண்டாவது வளையம் பெரிய துளையோட 2 மீட்டர்ல. ரெண்டு வளையத்தின்ர கயிறும் ஒரே மூண்டு பைக்குத்தான் வரும், பை ஒவ்வொண்டும் அடியில இருந்து 3 மீட்டர் தூரத்தில.

கயிறு 4 மில்லிமீட்டர் பச்சை வலைக்கயிறு, மீட்டர் 35 ரூபா, 40 மீட்டர். நைலோன் எண்டா நனைஞ்சாக் கூட நீளும், இது அவ்வளவு நீளாது, ஆனா வழுக்கும், சாதாரண முடிச்சுத் தானா அவிழும், ஒரு சுத்துக் கூடப் போட்டு நுனியை உள்ளுக்க குத்தி விடோணும். மூண்டு கயிறில ஒண்டு கட்டாயம் காத்து வாற பக்கம் நேரா இருக்கோணும், கச்சான் எண்டா மேற்கு, அதாவது ரோட்டுப் பக்கம். மற்ற ரெண்டும் தானா கடல் பக்கம் சரிவா வரும். அன்டெனா வயர் ரெண்டு கையையும் கரை நீட்டுக்கு வடக்கு தெற்கா இழுத்தா அதுவும் மாஸ்டைக் கொஞ்சம் பிடிக்கும்.

நிமித்திறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. எல்லாத்தையும் நீட்டிப்போட்டுத் தூக்கினா நடுவில முறியும். மாஸ்டை மடிச்சபடி பலகையில நிறுத்தி, மேல்துண்டில அன்டெனா நடுவைக் கட்டி, மெல்லியதில இருந்து தொடங்கி ஒவ்வொண்டா மேல தள்ளி, முறுக்கி, கிளிப் போட்டு, வளையம் வாற இடத்தில வளையத்தைப் போட்டு, இப்பிடியே அடித்துண்டு வரைக்கும். ஒராள் தள்ள ஒராள் மூண்டு கயிறையும் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். மருமகன் வராட்டி நான் போறதே இல்லை. அவனும் "மாமா, ஃபோன்ல கதைச்சா முடியிற வேலைக்கு ஏன் இந்தப் பாடு" எண்டு கேக்கிறதை இன்னும் விடேல்ல.

அன்டெனா லேசு. 20 மீட்டர் பாண்டுக்குக் கை ஒண்டு 5.20 மீட்டர்ல வெட்டி நேனோ விஎன்ஏ எண்ட அன்டெனா அளக்கிற சின்ன மெஷினை வைச்சுப் பார்த்தா 13.5 மெகாஹெர்ட்ஸ்ல நிண்டுது, பிளாஸ்டிக் உறை போட்ட வயர், அதோட சரிவாக் கட்டினது, அதால கணக்கைவிடக் கீழ வரும். வெட்டாம நுனியை மடிச்சு மடிச்சு 4.97க்குக் கொண்டு வர 14.12, எஸ்டபிள்யூஆர் 1.3. நடுவில சின்ன ஃபெரைட் வளையத்தில ஆர்ஜி 174ஐப் பத்துச் சுத்து சுத்தின சோக் (கேபிளின்ர வெளிப்பக்கத்தால ரேடியோ கரண்ட் திரும்பி வாறதைத் தடுக்கிறது), ஐஸ்கிரீம் டப்பா மூடியில கட்டினது.

காசுக் கணக்கு: மாஸ்ட் 24,500, ஸ்டெயின்லெஸ் கிளிப் எட்டு 1,760, பலகை 1,350, வெட்டுற போர்ட் 950, கயிறு 1,400, ரெசினும் மேட்டும் 1,200, கேபிள் 3,000. மொத்தம் 34,160. உதவாமப் போன ஜிஐ பைப்புக்கும் முறுக்குக் கம்பிக்கும் போன 2,600ஐயும் கல்வனைஸ் கிளிப்பையும் இந்த மொத்தத்தில சேர்க்கேல்ல. டியூபும் உரப் பையும் சும்மா கிடைச்சது.

கடற்கரைக்குக் கொண்டு போற ஆக்கள் டிஆர்சி (தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு) குடுக்கிற ரேடியோ லைசன்ஸ் கொப்பி ஒண்டைக் கட்டாயம் பையில வைச்சிருங்கோ. திருகோணமலைக் கடற்கரையில ஒருத்தன் எட்டு மீட்டர்ல கம்பம் நட்டு ஹெட்ஃபோனோட குந்தி இருந்தா வந்து கேப்பினம்தான், கேக்காட்டித்தான் பிழை. காட்டினா, என்ன ஏது எண்டு ரெண்டு கதை கேட்டிட்டுப் போயிடுவினம். இடி மின்னல் மாதம் எண்டா, ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில, முழக்கம் கேட்ட உடனே இறக்குங்கோ, கடைசித் தொடர்பை முடிச்சிட்டு இறக்குவம் எண்டு நிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டையும் நல்ல தண்ணியால கழுவி, அடி மூடியைக் கழட்டித் தலைகீழா நிப்பாட்டிக் காய விடோணும், உள்ளுக்க ஒரு சிட்டிகை மணல் நிண்டாலும் அடுத்த முறை சிக்கும். சிக்கினா அடியைப் பலகையில நேரா குத்திப் பாருங்கோ, இல்லாட்டி ரெண்டு பேர் ரப்பர் கையுறை போட்டு எதிரெதிர்ப் பக்கமா முறுக்கோணும். எண்ணெய் விட வேண்டாம்.

அடுத்த முறை ரெண்டு விஷயம் மாத்துவன். தொங்கிற 8 மீட்டருக்கு மட்டும் ஆர்ஜி 174, நிலத்தில ஓடுறதுக்கு ஆர்ஜி 58, அதில அரை டிபி மிச்சம் வரும். 40 மீட்டர் பாண்டுக்கும் ஒரு சோடிக் கை கட்டிப் பார்ப்பன், 8 மீட்டர் உயரம் அந்த பாண்டுக்குப் பதிவுதான், சிக்னல் கூடுதலா நெட்டுக்கு மேல போகும், ஆனா கொழும்பு இஞ்ச இருந்து நேர்கோட்டில 240 கிலோமீட்டர் அளவு, அந்தத் தூரத்துக்கு அதுதானே வேணும். மற்றது வேர்ட்டிக்கல், நெட்டுக்கு நிக்கிற ஒத்தை வயர் அன்டெனா. 20 மீட்டர் பாண்டுக்குக் கால் அலை நீளம் எண்டா 5 மீட்டர் வயர்தான், ஈர மணல்ல கடலுக்குக் கிட்ட நிப்பாட்டி நாலு ரேடியல் (அடியில இருந்து நிலத்தில விரிக்கிற வயர்) விரிச்சா, உப்புத் தண்ணி பக்கத்தில இருக்கிறதால தூரத்துக்கு இன்வெர்டட் வீயைவிட நல்லா இழுக்கும். அது சரிவந்தா ஆறு துண்டு போதும், மூண்டு கிளிப் மிச்சம், தொங்கிற கேபிளும் இல்லை. வாடைக் காத்து தொடங்க முதல் பார்த்திடோணும், தொடங்கினாக் காத்து வடகிழக்கால திரும்பிடும், மேற்கில புதைச்ச பையைத் தோண்டிக் கடல் பக்கம் வைக்கோணும், அங்க அலை வந்து கிடங்கை நிரப்பும்.